நாற்பத்தேழு இடத்தில் ஒரே வரி

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்குங்க. அந்தக் குப்பைமேட்டுல என்னமோ எரியுது பாருங்க. பிளாஸ்டிக்கு. எனக்கு வாசத்துலயே தெரியும். பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசம், ரப்பருக்கு ஒரு வாசம், பனியன் வேஸ்ட்டுக்கு ஒரு வாசம். முப்பத்திமூணு வருசம் தீயணைப்புல இருந்தவனுங்க நான். பேரு சென்னியப்பன். ஸ்டேஷன் ஆபீசரா ரிட்டையராகி ஒண்ணேமுக்கா வருசமாச்சு. உள்ள இருந்த வரைக்கும் ஒரு கெட்ட பேரு வாங்குனதில்லீங்க. வெளிய வந்த பொறவு வாங்கிப்போட்டேன்.

கோயமுத்தூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்களா? அப்படின்னா சொல்றேன். நீங்க வேற ஊரு. உங்ககிட்டச் சொன்னா ஒண்ணும் ஆகாது.

வெள்ளிங்கிரின்னு ஒருத்தன். எங்கிட்ட பதினாலு வருசம் வேலை பாத்தவன். எறங்குன்னா எறங்குவான், ஏறுன்னா ஏறுவான். ஏன்னு கேக்க மாட்டான். பீடி சிகரெட் தொட மாட்டான். நாந்தான் குடிப்பேன், அவன் தள்ளி நின்னுக்குவான். நெருப்புல இருந்து வந்து நெருப்புக் குச்சிக்குப் பயப்படறயாடான்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பான்.

எங்க பக்கமெல்லாம் பனியன் வேஸ்ட் குடோனுங்க. வெட்டுன துணி, நூலு, சாயம், பாலியஸ்டரு, எல்லாம் மலை மாதிரி குமிச்சு வெச்சிருப்பாங்க. தீப் புடிச்சா, மேல எரியறத அரை நாள்ல அணைச்சுரலாம். அடியில கனன்னுக்கிட்டே கெடக்கும். ரெண்டு நாள், மூணு நாள். கொக்கியப் போட்டு இழுத்து, புரட்டிப் புரட்டித் தண்ணி அடிக்கோணும். நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. புகை மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். அதுதான் எல்லாத்தையும் விட மோசமுன்னு இப்பச் சொல்றாங்க. அப்ப யாருங்க சொன்னா? நெருப்பு அணைஞ்சாச்சுன்னா எங்களுக்குப் பாதி லீவு விட்ட மாதிரி. கோட்டைக் கழட்டிப்போட்டு, டீயும் பன்னும் வரும், அந்தக் கையோடயே திம்போம். கை கருப்பா இருக்கும், பன்னும் கருப்பாயிரும். அதே கோட்டை வண்டிக்குள்ள போட்டு, அது மேலயே உக்காந்து வருவோம்.

கோட்டைத் துவைக்கறதெல்லாம் கெடையாதுங்க. கோட்டு கருத்திருந்தாத்தான் மரியாதை. புதுசா ஒருத்தன் வந்தான்னா அவன் கோட்டு மஞ்சளா இருக்கும், சிரிப்போம். வெள்ளிங்கிரி ஒருக்கா வீட்டுக்குக் கொண்டு போயி சம்சாரத்துக்கிட்டக் குடுத்துத் துவைச்சுட்டு வந்துட்டான். எல்லாரு முன்னாலயும் கேட்டேன், “ஏண்டா, பொண்ணு பாக்கப் போறயா?”ன்னு. அதோட விட்டுட்டான். தமாசுக்குத்தானுங்க கேட்டேன்.

மாஸ்க்கா? வர்றேன். அங்கதான் வர்றேன்.

முதுகுல காத்து சிலிண்டரு, மூஞ்சிக்கு மாஸ்க்கு. செட்டுன்னு சொல்லுவோம். எங்க ஸ்டேஷன்ல கணக்குக்கு நாலு செட்டு. ஒண்ணுல மாஸ்க்கு கண்ணாடி கீறல் விட்டிருச்சு. ஒண்ணு வால்வு போயி மூலையில கெடந்துது. நல்லா இருந்தது ரெண்டு. அந்த ரெண்டு சிலிண்டரும் தீந்துட்டா, காத்து ரொப்ப வெளியூரு அனுப்போணும். வர்றதுக்கு ஒரு மாசமும் ஆகும், ஒண்ணரை மாசமும் ஆகும். ஒரு வண்டிக்கு ஆறு பேரு. ரெண்டு செட்டு. நீங்களே சொல்லுங்க.

ஒவ்வொரு தீயும் அணைச்சு முடிஞ்சதும் பதிவேட்டுல எழுதோணும். எத்தனை மணிக்குக் கூப்புட்டாங்க, எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை பேரு, இதெல்லாம். கடைசியில ஒரு வரி. ‘பணியாளர்கள் அனைவரும் சுவாசக் கருவி அணிந்து பணிபுரிந்தனர்.’ எனக்கு முன்னால இருந்தவரும் அதைத்தான் எழுதுனாரு, அவருக்கு முன்னால இருந்தவரும் அதைத்தான் எழுதுனாரு. போடலீன்னு எழுதுனா, போடாம ஏன் உள்ள அனுப்புனேன்னு மெமோ வரும். செட்டு இல்லீன்னு எழுதுனா, நாலு செட்டு இருக்குதே, ஏன் பராமரிக்கலீன்னு மெமோ வரும். அதனால எழுதறது. எல்லா ஊர்லயும் எழுதறதுதானுங்க. எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். மணி மணியா எழுதுவேன்.

நான் ரிட்டையர் ஆகறதுக்கு முன்னால வந்த சித்திரை, வைகாசி. அந்த மாதிரி ஒரு வெயிலை நான் பாத்ததில்லீங்க. ஒண்ணரை மாசத்துல நாலு குடோனு. மூணாவது குடோன்ல, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், புரட்டிப் போட்டுக்கிட்டு இருக்கறோம். வெள்ளிங்கிரி வண்டிக்குப் பின்னால இருந்து கூப்புட்டான்.

“ஐயா, ஒரு நிமிசம் வாங்களேன்.”

போனேன். செவுத்தைக் காட்டுனான். ஒண்ணுக்குப் போயிருக்கறான். செவுரு சிவப்பா இருந்துது. மருதாணி கரைச்சு ஊத்துன மாதிரி.

“வலிக்குதாடா?”ன்னேன்.

“வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா. அதுதானுங்க ஒரு மாதிரியா இருக்குது.”

“சூடுடா. காலையில இருந்து நெருப்புல நிக்கறே, தண்ணி குடிச்சயா? மோரு குடி, எளநி குடி. சரியாப் போயிரும்.”

யாரா இருந்தாலும் அதைத்தானுங்க சொல்லுவாங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

நாலு நாள் கழிச்சு வந்து லீவு கேட்டான். இன்னும் நிக்கலீங்கய்யா, ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தர்றேன்னான். என்கிட்ட அன்னிக்கு ரெண்டு ஆளு கம்மி. ஒருத்தனுக்கு தங்கச்சி கல்யாணம், இன்னொருத்தன் கால்ல ஆணி ஏறிப் படுத்துக்கிட்டான். “இந்த சீசன் முடியட்டும் வெள்ளிங்கிரி, நானே அனுப்பி வெக்கறேன்”ன்னேன். சரீங்கய்யான்னுட்டுப் போயிட்டான். பத்து நாள்ல நின்னும் போச்சு. அவனே வந்து சொன்னான், மோரு குடிச்சேன், நின்னுபோச்சுங்கய்யான்னு. பாத்தயா, நாந்தான் சொன்னேனேன்னேன்.

அது அப்படித்தான் நிக்குமாமுங்க. வரும், நிக்கும், மாசக்கணக்குல ஆளை ஏமாத்தும். அப்பறம் வரும். எனக்கு எப்படீங்க தெரியும்?

ஆனி மாசம் நான் ரிட்டையர் ஆயிட்டேன். மாலை போட்டாங்க, வண்டியில வெச்சு வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. வெள்ளிங்கிரிதான் சாமானெல்லாம் எறக்கி வெச்சான். தை மாசம் சேதி வந்துது, மூத்திரப்பையில புத்துநோயி. பையவே எடுத்துட்டாங்க. வயித்துல ஓட்டை போட்டு, வெளிய ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்குது. அதுலதான் சொட்டுச் சொட்டா எறங்கும். நாப்பத்திரெண்டு வயசுங்க அவனுக்கு.

டாக்டரு முதல்ல கேட்ட கேள்வி, என்ன வேலை பாத்தேன்னுதானாம். தீயணைப்புன்னு சொன்னதும் தலையாட்டுனாராம். புகை மூக்கு வழியா மட்டும் இல்லீங்களாமா, தோலு வழியாவும் எறங்குமாம். கழுத்து, தாடை, தொடை இடுக்கு, வேர்க்கற எடமெல்லாம். ஒடம்புக்குள்ள போனது கடைசியில மூத்திரப்பையில வந்து தேங்கி நிக்குமாம். முதல் தடவை ரத்தம் போனப்பவே வந்திருந்தா, உள்ளயே சுரண்டி எடுத்திருக்கலாம்னாராம்.

நான் பாக்கப் போகலீங்க. பழம் வாங்கிக்கிட்டு ரெண்டு தடவை கெளம்புனேன். ஒரு தடவை பஸ் கெடைக்கல. இன்னொரு தடவை... சரி விடுங்க.

ஆயுதபூஜை முடிஞ்ச மூணாம் நாளு, அவன் சம்சாரம் கோகிலா எங்கூட்டுக்கு வந்துது. கையில ஒரு காகிதம். உக்காருன்னேன், உக்காரல.

“அண்ணா, இது வேலையினால வந்த நோயின்னு ஒத்துக்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தோமுங்க. பதில் வந்திருக்குது. படிச்சுப் பாருங்க.”

படிச்சேன். பதினாலு வருசத்துல நாப்பத்தேழு பெரிய தீ. நாப்பத்தேழுலயும் மனுதாரர் சுவாசக் கருவி அணிந்தே பணிபுரிந்தார் என்று நிலையப் பதிவேட்டால் தெரிய வருகிறது, ஆகவே நோய்க்கும் பணிக்கும் தொடர்பு இல்லை. அப்படின்னு இருந்துது.

“இத யாருண்ணா எழுதுனது?”ன்னு கேட்டுது.

அதுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டுது.

“அது வந்து கோகிலா, ஆபீசு வழக்கம்...”

“மாஸ்க்கு போட்டாருங்களா அவரு? அத மட்டும் சொல்லுங்க. மூக்குச் சீந்துனா ஒரு வாரத்துக்குக் கருப்பா வரும். தலையாணி உறையெல்லாம் கருப்பு. எம் புள்ளைங்க அப்பா மேல புகை வாசம்னு சொல்லிக்கிட்டே அவரு மேலதான் படுத்துக்கும். போட்டாருங்களா?”

காகிதத்தை மடிச்சு அது கையிலயே திருப்பிக் குடுத்தேன்.

“மறுபடி எழுதிப் போட்டிருக்கறோம். விசாரணை வெக்கறாங்க. வந்து சொல்லுங்க சார்.”

அண்ணான்னு ஆரம்பிச்சது சாருன்னு முடிச்சுட்டுப் போயிருச்சு. பாக்கறேன்னு சொன்னேன். அதுக்குள்ள கேட்டைச் சாத்திருச்சு.

நீங்க நினைச்சுப் பாருங்க. எங் கையில என்ன இருக்குது? வந்து உண்மையச் சொன்னா, நாப்பத்தேழு பொய்யி எழுதுனவன்னு ஆகும். ஒரு பெரிய அதிகாரி, பேரு வேண்டாம், போன் பண்ணுனாரு. “எழுதுனது எழுதுனதுதானே சென்னியப்பன்? அதையே சொல்லிட்டு வந்துருங்க. மாத்திச் சொன்னா உங்க தலையிலதான் விடியும்”னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு.

சரி, என்னதான் எழுதியிருக்கறேன்னு ஒருக்காப் பாத்துக்கலாம்னு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கப்பறம் ஒரு பொம்பளப்புள்ள ஆபீசரா வந்திருக்குது. பெனிட்டா. தூத்துக்குடிப் பக்கம். போனா, ஸ்டேஷன் வாசல்லயே கொடி கட்டி கோட்டு தொங்குது. துவைச்சு! சோப்பு வாசம் அடிக்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பத்தான் ஒரு வண்டி திரும்பி வருது, ஏதோ தேங்கா நாரு பேக்டரித் தீயி. ஒருத்தன் மேலயும் கோட்டு இல்லை. அங்கயே கழட்டி, தண்ணி அடிச்சு அலசி, சாக்குல கட்டி வண்டிக்கு வெளிய போட்டுக் கொண்டாந்திருக்கறாங்க. எறங்கி, டீ குடிக்கல, ஒண்ணும் குடிக்கல, நேராப் போயி கழுத்தெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்க்கறானுங்க. வண்டியக் கூட ஷெட்டுக்குள்ள விட்டு உறும விடறதில்லை. அந்த டீசல் புகையும் ஆகாதாம்.

“நல்லாத்தானம்மா இருக்குது, பியூட்டி பார்லர் மாதிரி”ன்னேன்.

அந்தம்மா சிரிக்கல. “உக்காருங்க சார்”னு பதிவேட்டை எடுத்து வெச்சுது. என்னோடதை இல்லை, அதோடதை.

நான் ரிட்டையரான அடுத்த மாசம் நடந்த முதல் தீயி. கடைசி வரி: ‘இருவர் மட்டுமே சுவாசக் கருவி அணிந்தனர். மற்ற நால்வருக்குக் கருவி இல்லை. அவர்களைப் புகைக்குள் அனுப்பவில்லை.’ ரெண்டாவது தீயிலயும் அதே. மூணாவதுலயும் அதே.

“மெமோ வரலியாம்மா?”

“வந்துச்சு சார். ரெண்டு வந்துச்சு. ரெண்டுக்கும் பதில் போட்டேன், இதையே எழுதி.”

“அப்பறம்?”

அந்தம்மா எந்திரிச்சுப் போயி பீரோவைத் தொறந்துது. ஆறு செட்டு. புதுசு. வரிசையா. அது போக பன்னெண்டு சிலிண்டரு.

“நாலு மாசத்துல வந்துருச்சு சார்”னு சொல்லிச்சு. அவ்வளவுதான் சொல்லிச்சு. ஆனா நான் அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் அந்தம்மா என்னமோ சொல்லிக்கிட்டே கூட வந்த மாதிரி இருந்துது.

காலம் மாறிப்போச்சுங்க, அதனால வந்திருக்கும். என் காலத்துல எழுதியிருந்தாலும் வந்திருக்காது. வந்திருக்குமுங்களா? எனக்குத் தோணல.

விசாரணை கார்த்திகையில. ஒரு சின்ன ரூமு, மேல காத்தாடி சுத்துது, ஆனா வேர்க்குது. விசாரணை அதிகாரி, டைப் அடிக்கற ஒரு புள்ள, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வெள்ளிங்கிரியும் கோகிலாவும். நோயின்னு சேதி வந்து பத்து மாசத்துக்கப்பறம் அப்பத்தான் அவனைப் பாக்கறேன். பாதி ஆயிட்டான். சட்டையை வெளிய விட்டிருந்தான், பை தெரியாம இருக்க. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். பழக்கம். கோகிலா அவன் கையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சுது.

பதிவேட்டை எம் முன்னால வெச்சாங்க.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“இதுல எழுதியிருக்கறது உண்மையா?”

கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கறோம். முப்பத்திமூணு வருசம். அத்தனையும் மனசுல ஓடுது.

“உண்மைதானுங்க”ன்னேன்.

சொல்லிப்போட்டேன். ஆமாங்க. சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது, நீங்க வேற ஊரு.

கோகிலா ஒரு சத்தம் போட்டுது பாருங்க, அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதிகாரி வெள்ளிங்கிரியப் பாத்துக் கேட்டாரு, சாட்சியை ஏதாவது கேக்கணுமான்னு. அவன் என்கிட்டக் கேக்க எத்தனை இருந்துது! அந்தச் செவுத்தைக் கேட்டிருக்கலாம். அந்த லீவைக் கேட்டிருக்கலாம்.

“ஐயாகிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க”ன்னான்.

டைப் அடிச்ச புள்ள காகிதத்தை நீட்டுச்சு. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கன்னாங்க. படிச்சேன். ‘பணியாளர்கள் அனைவரும் சுவாசக் கருவி அணிந்து பணிபுரிந்தனர் என்பது உண்மை.’ அதே வரி. எத்தனையோ தடவை எழுதியிருக்கறேன், படிச்சதில்லீங்க. எழுதறப்ப யாருங்க படிக்கறா? அன்னிக்குத்தான் படிக்கறேன். ‘அனைவரும்’னு இருக்குது. அனைவரும்னா அதுல வெள்ளிங்கிரி இருக்கறான். அவன் எதுக்கால உக்காந்திருக்கறான்.

பேனாவைக் கீழ வெச்சேன்.

“என்ன சார்?”ன்னாரு அதிகாரி.

“இது தப்புங்க. ரெண்டு செட்டுதான் இருந்துது. அதையும் புகையக் கிளறறப்ப யாரும் போட்டதில்லை. இவன் ஒரு நாளும் போட்டதில்லை. போடச் சொல்லி நானும் சொன்னதில்லை. நாப்பத்தேழும் நான் எழுதுன பொய்யிங்க.”

அவரு திருப்பிக் கேட்டாரு, இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமான்னு. தெரியுமுங்க, அடிக்கச் சொல்லுங்கன்னேன். அந்தப் புள்ள புதுக் காகிதம் மாட்டுச்சு. கையெழுத்துப் போட்டேன். மணி மணியா வரல.

ஆனா லீவு விசயத்தை நான் சொல்லலீங்க. அவங்க கேக்கவும் இல்லை. கேக்காததை எதுக்குச் சொல்லோணும்?

வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னேன். வெள்ளிங்கிரி மெதுவா வந்தான். கோகிலா தள்ளி, ஆட்டோ பாத்துக்கிட்டு நின்னுது. எனக்கு நன்றி சொல்லப் போறான்னு நினைச்சேன். நன்றி சொன்னா என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சு வெச்சேன்.

“ஐயா, அந்த லீவைப் பத்தி நான் வீட்டுல சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன்”ன்னான். அப்பறம், “நீங்க டெஸ்ட் எடுத்துட்டீங்களா?”

“எனக்கு என்னடா? எனக்கு ஒண்ணுமில்லை.”

“நானும் அந்தக் குடோன்லதானுங்கய்யா நின்னேன், நீங்களும் அங்கதான் நின்னீங்க. எனக்கு முன்னால இருபது வருசம் வேற நின்னிருக்கறீங்க. சிகரெட் வேற. பெனிட்டா மேடம் பழைய ஆளுகளுக்கெல்லாம் மூத்திர டெஸ்ட் எடுக்க ஏற்பாடு பண்ணுது. போயிட்டு வந்துருங்க. ஒரு தடவை எனக்காகப் போங்க.”

போன மாசம் உத்தரவு வந்துது. வேலையினால வந்த நோயின்னு ஒத்துக்கிட்டாங்க. அதே வாரம் எனக்கும் ஒரு நோட்டீசு வந்துது, பொய்ப் பதிவுக்கு விளக்கம் கேட்டு. எழுதுன எல்லாரையும் விட்டுட்டு, ஒத்துக்கிட்டவனைப் புடிக்கறாங்க. இது நியாயமுங்களா?

டெஸ்ட்டா? போனேங்க. அவன் விடல, தெனம் போன் பண்ணுனான். அதுல ரத்த அணு தெரியுதாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தமாம். உள்ள கேமரா விட்டுப் பாக்கோணுமாம். இன்னிக்குப் பதினோரு மணிக்கு, கோயமுத்தூரு ஆசுபத்திரியில. ஒண்ணும் இருக்காதுங்க. அவனுக்கும் இன்னிக்கு செக்கப் இருக்குது, துணைக்கு நான் வர்றேனுங்கய்யான்னான். நாந்தான் அவனுக்குத் துணைக்குப் போற மாதிரி வீட்டுல சொல்லியிருக்கறேன்.

ஸ்டாப்பு வந்துருச்சு. பாருங்க, வெள்ளைச் சட்டை, அவன்தான். வெயில்ல நிக்கறான் பாருங்க, நிழல்ல நிக்கப்படாதா. பக்கத்துல... கோகிலா. அதுவும் வந்திருக்குது. வரும்னு அவன் சொல்லலீங்களே.

அந்த லீவு விசயத்தை அவன் கோகிலாகிட்டச் சொல்ல மாட்டான். எத்தனை வருசமானாலும் சொல்ல மாட்டான். அப்ப நாந்தான் சொல்லோணும். கேமரா விடறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடறேங்க. விட்ட பொறவு சொன்னா, பயந்து போயி சொன்ன மாதிரி ஆயிரும்.

கொஞ்சம் காலை மடக்கிக்குங்க. எறங்கிக்கறேன்.